பித்தளை ஷே எஞ்சினோடு ஒன்பது வருஷம்

என் மேஜை மேல் ஓடுகிற இந்தக் குட்டிப் பித்தளை ரயில் எஞ்சின், ஜப்பானில் யுனைடெட் பட்டறை செய்து அமெரிக்காவில் பசிஃபிக் ஃபாஸ்ட் மெயில் என்ற நிறுவனம் விற்றது. எச்.ஓ. அளவு, அதாவது அசலில் 87-ல் ஒரு பங்கு. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன், கண்ணாடி அலமாரியில் பூட்டி வைக்க அல்ல, ஓட்டுவதற்கு.

ஷே என்பது மரம் வெட்டும் காடுகளுக்கென்று வந்த நீராவி எஞ்சின், எஃப்ரைம் ஷே 1881-ல் காப்புரிமை வாங்கியது. வலப்பக்கம் மட்டும் சிலிண்டர்கள் செங்குத்தாக நிற்கும், அவற்றுக்குக் கீழே நீளவாக்கில் ஒரு தண்டு சுழலும், அதிலிருந்து கியர் வழியாகத்தான் சக்கரங்களுக்கு விசை போகும். அந்தப் பக்கத்துக் கனத்தை ஈடுகட்ட பாய்லரை இடப்பக்கம் தள்ளி வைத்திருப்பார்கள். முன்னாலிருந்து பார்த்தால் கோணல் தெரியும். மாடலிலும் அந்தக் கோணல் அப்படியே இருக்கிறது, தண்டும் உண்மையிலேயே சுழல்கிறது. வேகத்தைக் கொஞ்சமாகத் திருகிவிட்டு முகத்தைத் தண்டவாள மட்டத்துக்குக் கொண்டுபோய் அந்த வலப்பக்கத்தைப் பார்த்தால், ஒவ்வொரு கிராங்க்கும் ஏறி இறங்குவதைத் தனித்தனியாக எண்ணலாம். எத்தனை தடவை பார்த்தாலும் எனக்கு அலுக்கவில்லை.

இன்றைய பிளாஸ்டிக் மாடல்களில் நுணுக்கம் இதைவிட அதிகம், சத்தியமாக. ஆனால் பித்தளையைப் பழுது பார்க்கலாம். மூன்றாம் வருஷம் கைப்பிடிக் கம்பி ஒன்று விட்டுப் போனது. சால்டரிங் சூடு பித்தளையில் சட்டென்று பரவும், ஒன்றை ஒட்டப் போனால் பக்கத்தில் இருப்பது கழன்று விழும், அதனால் சுற்றி ஈரப் பஞ்சைப் பொதிந்து வைத்துத்தான் தொட்டேன். அப்போது கவிழ்த்துப் பார்க்கையில் அடிப்பக்கத்தில் யாரோ ஒரு தொழிலாளி விட்ட ஈயத் தீற்றல் தெரிந்தது. அதை நான் சுரண்டவில்லை.

தொல்லைகளும் உண்டு. பழைய கிரீஸ் மெழுகாக இறுகிப் போயிருந்தது, எல்லாவற்றையும் கழுவிப் புதிது வைத்த பிறகுதான் மோட்டாரின் முனகல் அடங்கியது. என்னிடம் இருக்கும் இன்னொரு எஞ்சினுக்கு வேறு வியாதி, அது ஒரு தண்டவாளத்திலிருந்தும் அதன் டெண்டர் (பின்னால் வரும் கரி, தண்ணீர் வண்டி) மற்றதிலிருந்தும் மின்சாரம் எடுக்கும். திடீர் திடீரென்று நின்றதால் மோட்டாரையே மாற்றலாம் என்று கிளம்பினேன், கடைசியில் பார்த்தால் டெண்டரின் திருகாணியடியில் வெறும் அழுக்கு. முதலில் அதைத் துடைத்துப் பாருங்கள். அப்புறம், பித்தளைதானே என்று புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள், மேலே லாக்கர் பூச்சு இருக்கிறது. மென்மையான பிரஷ் போதும்.

வாங்க நினைத்தால் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், கண்ணாடிக்குள் பல வருஷம் கிடந்ததைவிட அடிக்கடி ஓடியதே மேல். நாளைக்கு நல்ல விலைக்குப் போகும் என்று மட்டும் வாங்க வேண்டாம். வீட்டுக்கு வந்ததும் பெட்டிக்குள் இருக்கும் பழைய ஃபோமைத் தூக்கிப் போடுங்கள். நாளானால் அது பிசுபிசுவென்று உருகி எஞ்சின் மேலேயே ஒட்டிக்கொள்ளும். எனக்கு ஒரு எஞ்சினில் அப்படி ஆகி, பல்குத்தும் குச்சியால் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க எடுத்துக்கொண்டிருந்தேன்.