அமெரிக்காவின் மார்ச்சுவரி சயின்ஸ் பட்டப்படிப்பு: ஒரு மதிப்பீடு

இறந்தவரின் உடலைப் பெற்றுக்கொள்வது, எம்பாமிங் செய்வது (உடல் கெடாமல் இருக்க இரத்தக் குழாய் வழியே கரைசல் ஏற்றுவது), குடும்பத்தோடு உட்கார்ந்து சடங்கை ஒழுங்குசெய்வது, சான்றிதழ்களை முடிப்பது, அடக்கமோ தகனமோ நடந்து முடியும்வரை கூடவே நிற்பது. பியூனரல் டைரக்டரின் வேலை இவ்வளவும். அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதற்கு உரிமம் வேண்டும். உரிமத்துக்கான பொதுவான வழி மார்ச்சுவரி சயின்ஸ், அதாவது இந்த வேலைகளைக் கற்பிக்கும் படிப்பு. இரண்டாண்டுப் படிப்பைச் சமுதாயக் கல்லூரிகளும் தனிக் கல்லூரிகளும் தருகின்றன. நான்காண்டுப் பட்டத்தைத் தரும் பல்கலைக்கழகங்கள் சிலவே. மினசோட்டா பல்கலைக்கழகம் 1908 முதல் நடத்துகிறது. டெட்ராயிட்டின் வேய்ன் ஸ்டேட், கார்பண்டேலில் உள்ள தெற்கு இல்லினாய், எட்மண்டில் உள்ள சென்ட்ரல் ஓக்லஹோமா ஆகியவை மற்ற சில. இங்கே மதிப்பிடுவது இவற்றில் ஒன்றை மட்டும் அல்ல, இந்த வகைப் பட்டப்படிப்பை.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அறிவியல் பக்கம் இந்தப் படிப்பு உறுதியானது. ஆய்வகத்தை ஒழுங்காக நடத்தும் இடத்தில் கட்டும் பணம் வீண் போகாது. குடும்பத்தோடு பேசப் பழக்குவதிலும் தகனத்தைக் கற்பிப்பதிலும்தான் பாடத்திட்டம் தொழிலுக்குப் பின்னால் நிற்கிறது.

முதலில் அங்கீகாரம். அமெரிக்கன் போர்டு ஆப் பியூனரல் சர்வீஸ் எஜுகேஷன் அங்கீகரித்த திட்டமா என்று பாருங்கள். இல்லையென்றால் பெரும்பாலான மாநிலங்களில் அந்தப் பட்டத்தை வைத்து உரிமம் கேட்க முடியாது. அடுத்தது தேசியத் தேர்வு. கலைப் பகுதி, அறிவியல் பகுதி என்று இரண்டு தாள்கள். ஒவ்வொரு திட்டமும் தன் தேர்ச்சி விகிதத்தை வெளியிட்டாக வேண்டும். விண்ணப்பிப்பவர்கள் பெரும்பாலும் இந்த ஒரு எண்ணைத்தான் பார்க்கிறார்கள். தனியாகப் பார்த்தால் அது ஏமாற்றும். நூறு பேரைச் சேர்த்து, தடுமாறும் மாணவர்களை மூன்றாம் பருவத்திலேயே கழித்துவிட்டு, மிஞ்சியவர்களை மட்டும் தேர்வுக்கு அனுப்பினால் எண் அழகாகத்தான் வரும். தேர்ச்சி விகிதத்தின் பக்கத்திலேயே பட்டம் முடித்தோர் விகிதத்தையும் வேலை கிடைத்தோர் விகிதத்தையும் வைத்துப் படியுங்கள். அவையும் பொதுவில் கிடைக்கின்றன.

இனி ஆய்வகம். ஒரு திட்டத்தின் தரம் முடிவாகும் இடம் இதுதான்.

முதலில் கேட்க வேண்டியது, உடல்கள் எங்கிருந்து வருகின்றன என்பது. உடற்கூறு வகுப்புக்கு மக்கள் தானமாகக் கொடுத்த உடல் எம்பாமிங் பயிற்சிக்கு உதவாது. ஆண்டுக்கணக்கில் கெடாமல் இருக்க அதில் கடுமையான கரைசலை ஏற்கெனவே ஏற்றியிருப்பார்கள். குடும்பம் பார்ப்பதற்காக ஓர் உடலைத் தயாரிப்பது முற்றிலும் வேறு வேலை. நல்ல திட்டங்கள் பக்கத்து ஊர்களின் பியூனரல் ஹோம்களோடு (இறுதிச்சடங்கு நிலையங்களோடு) ஒப்பந்தம் செய்துகொண்டு, குடும்பத்தின் எழுத்துபூர்வ சம்மதத்தோடு உடல்களைப் பெறுகின்றன. உரிமை கோரப்படாத உடல்களை மட்டும் நம்பி நடக்கும் ஆய்வகத்தில் இரண்டு குறைகள் இருக்கும். தாமதமாக வந்துசேரும் உடல்களில் மாணவர் பார்ப்பது பெரும்பாலும் சிதைவை; அன்றாட வேலையை அல்ல. அத்தோடு, அந்த உடலைப் பார்க்கக் குடும்பம் வரப்போவதில்லை, ஆகவே முகத்தைப் பற்றிய கவனம் மாணவருக்குப் படியாது. சம்மதம் இல்லாத உடலில் பழகுவது சரியா என்ற கேள்வியையும் வகுப்பில் வெளிப்படையாகப் பேச வேண்டும். அதைத் தொடாமல் போகும் திட்டத்தை நம்புவது கடினம்.

அடுத்த கேள்வி, ஒரு மேசையைச் சுற்றி எத்தனை பேர். மூன்று பேர் இருந்தால் ஒருவர் தமனியை எடுப்பார் (கரைசல் ஏற்றுவதற்காகக் கீறி வெளியே தூக்குவார்), ஒருவர் கரைசலைக் கவனிப்பார், ஒருவர் முகத்தை அமைப்பார். அடுத்த உடலில் இடம் மாறிக்கொள்ளலாம். எட்டுப் பேர் நின்றால் ஐந்து பேர் வேடிக்கைதான் பார்ப்பார்கள். அந்த உடலைப் பற்றி எழுதும் அறிக்கையில் மட்டும் எட்டுப் பேரின் பெயரும் ஏறிவிடும். ஆகவே "எத்தனை உடல்களில் பங்கேற்பேன்" என்று கேட்காதீர்கள், "எத்தனை உடல்களில் நானே தமனியை எடுப்பேன்" என்று கேளுங்கள்.

காற்றோட்டத்தை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். எம்பாமிங் கரைசலின் முக்கிய வேதிப்பொருளான ஃபார்மால்டிஹைடுக்கு அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு விதி வைத்திருக்கும் வரம்பு எட்டு மணி நேர சராசரியில் 0.75 பிபிஎம் (காற்றில் பத்து லட்சத்தில் இத்தனை பங்கு), 15 நிமிடத்துக்கு 2 பிபிஎம். அதன் ஆவி காற்றைவிடச் சற்றுக் கனமானது. கூரையில் மட்டும் காற்றை உறிஞ்சும் கருவி இருந்தால் ஆவி மேசையிலிருந்து மாணவரின் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். உறிஞ்சும் வாய் மேசை மட்டத்திலோ அதற்குக் கீழேயோ இருக்க வேண்டும். உள்ளே நுழைந்ததும் கண் எரிந்தால் அதுவே போதுமான பதில். காற்றை அளந்த பதிவேட்டைக் கேட்டால் நல்ல இடத்தில் உடனே எடுத்துக் காட்டுவார்கள்.

கற்பிக்கும் முறையை எடை போட, வேலையின் வரிசையைப் பாருங்கள். விறைப்பைத் தளர்த்திய பிறகு, கரைசல் ஏற்றுவதற்கு முன்பே, கண்ணையும் வாயையும் அமைத்துவிட வேண்டும். ஃபார்மால்டிஹைடு திசுவை இறுக்கும். ஏற்றியபின் உதட்டை இழுத்தால் அது இழுத்தது போலவே தெரியும். அடுத்து வலப்பக்கக் கழுத்தில் கீறி, கரைசல் ஏற்றக் கேரட்டிட் தமனியையும் இரத்தம் வெளியேற உள் ஜுகுலர் சிரையையும் எடுப்பது. சிரை வெளிப்புறம், தமனி உட்புறம், இரண்டுக்கும் நடுவே வேகஸ் நரம்பு. தமனி தடித்த சுவரோடு வெளிறி இருக்கும், வெட்டினாலும் வாய் திறந்தே நிற்கும். சிரை நீலம் பாய்ந்து, மெல்லியதாய், தொட்டால் அமுங்கும். முதல் முறை செய்யும் மாணவர்கள் பெரும்பாலும் சிரையைத்தான் கிழித்துவிடுகிறார்கள். காரணம் அவசரம்: சுற்றியிருக்கும் இணைப்புத் திசுவை மழுங்கிய கருவியால் பொறுமையாக விலக்காமல், கொக்கியைப் போட்டு நேராகத் தூக்குவது. ஆசிரியர் அந்த நேரத்தில் கருவியைப் பிடுங்கித் தானே முடித்துவிடாமல், கை கட்டி நின்று வாயால் வழிகாட்டுகிறாரா என்று கவனியுங்கள்.

கரைசல் கணக்கு பலரைத் தடுமாற வைக்கும் பகுதி. பாட்டில் திரவத்தின் வலிமையைக் குறிக்கும் எண் இன்டெக்ஸ்; இன்டெக்ஸ் 25 என்றால் 100 மில்லி திரவத்தில் 25 கிராம் ஃபார்மால்டிஹைடு. 150 பவுண்டு உடலுக்கு, 50 பவுண்டுக்கு ஒரு கேலன் என்ற தோராயக் கணக்கில், மூன்று கேலன் தேவைப்படும். 2 சதவீத வலிமை வேண்டுமானால் 128 அவுன்ஸ் கொண்ட ஒரு கேலனில் இன்டெக்ஸ் 25 திரவம் சுமார் 10 அவுன்ஸ், மீதி நீர். பாட்டில் ஒன்று 16 அவுன்ஸ். "கேலனுக்கு ஒரு பாட்டில்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஊற்றினால் வலிமை 3 சதவீதத்தைத் தாண்டிவிடும். சில உடல்களுக்கு அது சரி, சிலவற்றுக்குக் கேடு. மாணவருக்கு எந்த உடலுக்கு எது என்று தெரிய வேண்டும். மூன்று நோய் நிலைகளை வைத்தே அதைச் சோதிக்கலாம்.

மஞ்சள் காமாலையில் இறந்தவரின் தோலில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமி தேங்கியிருக்கும். வலுவான ஃபார்மால்டிஹைடு அதைப் பச்சை நிற பிலிவெர்டினாக மாற்றிவிடும். மஞ்சள் முகம் பச்சையாகிவிட்டால் அலங்காரப் பூச்சால் மறைப்பது பெரும்பாடு. அங்கே வலிமை குறைந்த, காமாலைக்கென்றே தயாரான திரவம் வேண்டும். சிறுநீரகம் செயலிழந்தவர் உடலில் நிலைமை நேர் எதிர். தேங்கிய நைட்ரஜன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா ஃபார்மால்டிஹைடோடு சேர்ந்து அதைச் செயலற்றதாக்கிவிடும். வழக்கமான வலிமையில் ஏற்றினால் உடல் மாலைவரை நன்றாக இருப்பதுபோலத் தோன்றி, மறுநாள் தொளதொளத்துப் போகும். நீர் கோத்த உடலில் திசுவில் இருக்கும் நீரே கரைசலை மேலும் நீர்க்க வைக்கும். கூட்டு வலிமையை அதற்கேற்ப உயர்த்த வேண்டும். இந்த மூன்றையும் ஏட்டில் எழுதாத மாணவர் கிடையாது. இவற்றை மேசையில் பார்த்திருக்கிறாரா என்பதுதான் கேள்வி. உடல்களின் எண்ணிக்கை குறைந்த திட்டத்தில் பார்த்திருக்க வாய்ப்பில்லை.

இயந்திரத்தின் அழுத்தமானியைப் படிக்கக் கற்றுத்தருவதும் திட்டத்துக்குத் திட்டம் மாறுகிறது. வால்வை மூடியிருக்கும்போது ஊசி காட்டுவது ஓர் அளவு. திறந்து கரைசல் ஓடும்போது காட்டுவது அதைவிடக் குறைந்த இன்னோர் அளவு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் ஓட்டத்தைச் சொல்கிறது. திறந்தபிறகும் ஊசி இறங்கவில்லை என்றால் வழியில் அடைப்பு, பெரும்பாலும் இரத்தக்கட்டி. அப்போது அழுத்தத்தை ஏற்றுவதுதான் புதியவர் செய்யும் தவறு. கரைசல் எதிர்ப்பு குறைந்த பக்கம் பாய்ந்து முகத்தை வீங்க வைக்கும். அந்த வீக்கத்தை முழுதாக இறக்குவது அரிது. அதனால்தான் சிக்கலான உடல்களில் இரு பக்கக் கேரட்டிடையும் எடுத்து, உடலுக்கு முதலில், தலைக்குத் தனியாகப் பிறகு என்று ஏற்றுகிறார்கள். இதை முதல் பருவத்திலேயே பழக்கும் இடங்கள் உண்டு, பாராட்ட வேண்டிய விஷயம்.

மார்பு, வயிற்றுப் பகுதிகளின் உட்குழி வேலைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தொப்புளுக்கு இடப்புறம் இரண்டு அங்குலம், மேலே இரண்டு அங்குலம், அங்கே ட்ரோகார் என்ற கூர்முனை உறிஞ்சுகுழல் நுழையும். உறிஞ்சிய பின் உட்குழித் திரவம். சில மணி நேரம் கழித்து மறுபடி உறிஞ்சும் பழக்கம் ஆய்வக நேர அட்டவணையில் அடங்காததால் பல இடங்களில் விட்டுப்போகிறது. வாயுவும் கசிவும் வருவது அங்கிருந்துதான்.

முகச் சீரமைப்பு வகுப்பு இந்தப் படிப்பின் சிறந்த பகுதி. மூக்கின் நீளமும் காதின் நீளமும் ஏறக்குறைய ஒன்று, முகத்தின் அகலம் ஐந்து கண், மூடிய இமைகள் சந்திக்கும் கோடு கண்குழியின் கீழ் மூன்றில் ஒரு பங்கில். இப்படி அளவுகளில் தொடங்கி, மெழுகில் முழு மூக்கு, காது, வாய் என்று செய்ய வைக்கிறார்கள். மெழுகு ஒட்டாமல் போவதற்குக் காரணம் எப்போதும் அடியில் இருக்கும் திசுதான்: ஈரம் இருந்தாலோ, இறுகாமல் இருந்தாலோ சில மணி நேரத்தில் விளிம்பு பிரியும். ஒரு குறை மட்டும். ஆய்வகத்தின் வெள்ளைக் குழல்விளக்கில் சரியாகத் தெரியும் நிறம், குடும்பம் உடலைப் பார்க்கும் அறையின் மஞ்சள் கலந்த விளக்கில் வேறாகத் தெரியும். இரண்டு வகை விளக்கையும் வைத்துப் பழக்க ஆகும் செலவு மிகச் சிறியது. இருந்தும் பல ஆய்வகங்களில் அது இல்லை.

சட்டப் பாடம் நன்று. கூட்டரசு வணிக ஆணையத்தின் 1984ஆம் ஆண்டு பியூனரல் விதி அதன் மையம். நேரில் வந்து விலை கேட்பவர் யாராக இருந்தாலும் பொது விலைப்பட்டியலைக் கையில் எடுத்துப்போகக் கொடுக்க வேண்டும். தொலைபேசியில் கேட்டாலும் விலை சொல்ல வேண்டும். வெளியில் வாங்கிவந்த சவப்பெட்டியை மறுக்கவோ அதற்குக் கையாளும் கட்டணம் வாங்கவோ கூடாது. பிழைகள் புதைத்த ஒரு விலைப்பட்டியலைக் கொடுத்துத் திருத்தச் சொல்லும் ஆசிரியரிடம் படித்தவர்கள் இதை மறப்பதில்லை.

பெரிய குறை, குடும்பத்தோடு நடக்கும் ஏற்பாட்டுக் கூட்டம். தொழிலில் ஒரு டைரக்டரின் நாள் கழிவது பெரும்பாலும் அந்த மேசையில். படிப்பிலோ அது ஒரு துயர உளவியல் வகுப்பும், சக மாணவரே மகளாக நடிக்கும் ஓரிரு ஒத்திகையும். சக மாணவர் நடித்தால் அழுகையும் வராது, சண்டையும் வராது. இரண்டாம் மனைவிக்கும் முதல் மனைவியின் பிள்ளைகளுக்கும் இடையே உடலின் மேல் உரிமை யாருக்கு என்ற தகராறு எழும்போது எந்த வரிசையில் சட்டம் பார்க்கிறது என்று மாணவருக்குத் தெரியும். அதை அந்த அறையில் எந்தக் குரலில் சொல்வது என்று தெரியாது. மருத்துவ மாணவர்களுக்குப் பயிற்சி பெற்ற நடிகர்களை நோயாளிகளாக அமர்த்துகிறார்கள். அதே ஏற்பாட்டை இங்கும் கொண்டுவந்து, ஒவ்வொரு கூட்டத்தையும் ஒளிப்பதிவு செய்து, மாணவரை உட்கார வைத்துப் பார்க்கச் செய்ய வேண்டும். மௌனமாக இருக்க வேண்டிய இடத்தில் விலையைப் பேசத் தொடங்குவதும், "புரிகிறது" என்று திரும்பத் திரும்பச் சொல்வதும் அப்போதுதான் கண்ணில் படும்.

தகனம் அடுத்த குறை. அமெரிக்காவில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இப்போது தகனம்தான். பாடத்திட்டத்தின் எடையோ இன்னும் எம்பாமிங் பக்கமே. தகனத்தில் நேரும் தவறு எதையும் திருத்த முடியாது. அடையாளத்தை ஒவ்வொரு கைமாற்றத்திலும் சரிபார்ப்பது, எண் பொறித்த உலோக வில்லையை உடலோடு அனுப்புவது, பேஸ்மேக்கரை அகற்றுவது. கடைசியை மறந்தால் சுமார் 760 முதல் 980 டிகிரி செல்சியஸ் சூட்டில் அதன் மின்கலம் வெடித்து உலையைச் சேதப்படுத்தும். இவற்றை உலைக்கூடத்தில் நின்று பழகும் நாள் பல திட்டங்களில் மிகக் குறைவு. தகனக்கூட இயக்குநர் சான்றிதழ் தனிப் பயிற்சி. அதைப் படிப்போடு சேர்த்துத் தரும் இடம் கிடைத்தால் முன்னுரிமை கொடுங்கள். 2003இல் மினசோட்டா அனுமதித்த காரநீர்ப் பகுப்பும் (உடலைச் சூடான காரநீரில் கரைக்கும் முறை), 2019இல் வாஷிங்டன் அனுமதித்த உடலை மண்ணாக்கும் முறையும் வகுப்பில் பெரும்பாலும் பெயரளவில்தான் வருகின்றன.

இணையவழி வகுப்பைப் பொறுத்தவரை, சட்டம், கணக்கு, வரலாறு எல்லாம் வீட்டிலிருந்தே படிக்கலாம், இழப்பில்லை. எம்பாமிங் பயிற்சியை உங்கள் ஊர் பியூனரல் ஹோமில் முடிக்கச் சொன்னால், அங்கே மேற்பார்க்கும் உரிமம் பெற்றவரைப் பல்கலைக்கழகம் எப்படித் தேர்ந்தெடுக்கிறது, ஆசிரியர் நேரில் வந்து பார்க்கிறாரா என்று எழுத்தில் கேளுங்கள். வேலைப்பளு மிகுந்த இடத்தில் மாணவர் உடல்களை ஏற்றி இறக்கவும் வண்டி கழுவவும் போய்விடுவார், அறிக்கையில் கையெழுத்து மட்டும் விழும்.

கடைசியாக, நான்காண்டா இரண்டாண்டா என்பது நீங்கள் எங்கே வேலை செய்யப் போகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. மினசோட்டா, ஒஹாயோ போன்ற மாநிலங்களில் உரிமத்துக்கு இளங்கலைப் பட்டம் வேண்டும். வேறு பல மாநிலங்களில் இரண்டாண்டுப் பட்டமே போதும். அங்கே கூடுதல் இரண்டாண்டின் கட்டணத்தைச் சம்பளம் சீக்கிரம் ஈடுகட்டாது. படிப்புக்குப் பின் வரும் பயிற்சிக்காலமும் மாநிலத்துக்கு மாநிலம் மாறும், பொதுவாக ஓராண்டு முதல் மூன்றாண்டுவரை. நீண்ட காலம் உரிமமே கேட்காமல் இருந்த கொலராடோவும் 2024இல் சட்டம் இயற்றிவிட்டது. சேர்க்கைக் கட்டணத்தைக் கட்டுவதற்கு முன், போகவிருக்கும் மாநிலத்தின் உரிம வாரியத்திடம் இந்தத் திட்டத்தின் பெயரைச் சொல்லி, ஏற்கிறார்களா என்று ஒரு மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலைப் பத்திரப்படுத்திக்கொள்ளுங்கள்.