மாட்ரிட் மாலை வகுப்பு: "போதும்" என்று சொல்ல இங்கேதான் கற்றேன்

லவாபியெஸ் மெட்ரோவிலிருந்து ஐந்து நிமிட நடையில், ஒரு பழைய கட்டடத்தின் மாடியில் நடக்கும் ஸ்பானிஷ் வகுப்பு. வாரம் 2 மாலை, 10 வாரம், 120 யூரோ. போன வெள்ளிக்கிழமை முடித்தேன்.

உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறேன். ஒரு வருஷம் செல்போன் செயலியில் படித்தும் என்னிடம் இருந்தது "எஸ்தோய் கன்சாதா", களைப்பாக இருக்கிறது, என்ற ஒரே வாக்கியம்தான். இரவு 12 மணிக்கு இடுப்பு விட்டுப்போனாலும் அதுதான். சொல்லாமல் கொள்ளாமல் ஷிஃப்டை மாற்றினாலும் அதுதான்.

நாலாவது வாரம் டீச்சர் பலகையில் ஒரு பெண்ணை வரைந்து, தண்ணீர் மட்டம் ஏறுவதுபோல் கோடு போட்டார். மூக்கில் ஒன்று: அஸ்தா லாஸ் நரீத்தெஸ். உச்சந்தலையில் ஒன்று: அஸ்தா லா கொரொனீயா. கொண்டையில் ஒன்று: அஸ்தா எல் மோஞ்ஞோ. எரிச்சல் அதுவரைக்கும் ஏறிவிட்டது என்று அர்த்தம். வெறுத்துப் போனதைச் சொல்லும் "ஆர்த்தா" (ஆண் என்றால் ஆர்த்தோ) என்ற சொல்லே வயிறு புடைக்கத் தின்றதைக் குறிக்கும் லத்தீனிலிருந்து வந்ததாம். மூக்கு முட்டச் சாப்பிடுகிறவர்கள் நாம். எனக்கு அந்த நிமிஷமே பிடிபட்டுவிட்டது.

உடம்பு அலுப்புக்கு "எஸ்தோய் எச்சா போல்போ", தூளாகிவிட்டேன். நம் ஊரில் அடித்துப் போட்ட மாதிரி என்போமே, அது. "யா எஸ்தா பியென்" சொல்லுக்குச் சொல் பார்த்தால் "நன்றாக இருக்கிறது". குரல் உயர்ந்தால் "போதும், நிறுத்து". மேல்வீட்டு அம்மா பேரனை அதட்டுவது இதுதான் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

மெக்சிகோவின் "யா மே கன்சே"யையும் டீச்சர் சொன்னார். 2014 நவம்பரில், காணாமல்போன 43 அயோட்சினாபா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர்களைப் பற்றிய பத்திரிகையாளர் சந்திப்பை முடிக்கும்போது, அட்டர்னி ஜெனரல் முரீயோ கராம் "எனக்கு அலுத்துவிட்டது" என்று சொன்ன வார்த்தை அது. ஜனங்கள் அதையே பிடித்துக்கொண்டு, அலுத்தது எங்களுக்கு என்று தெருவில் இறங்கினார்கள். அன்று வகுப்பில் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

குறைகளும் உண்டு. சின்ன அறையில் 16 பேர், ஜன்னல் திறக்காது. டீச்சர் லீவில் போன இரண்டு வாரமும் வந்தவர் புத்தகத்தை வாசித்துவிட்டுப் போனார். அந்தக் காசு வீண்தான்.

"ஆர்த்தா தே கே" என்று தொடங்கினால் பின்னால் வரும் வினை உருமாறும், "காம்பியாஸ்" (மாற்றுகிறாய்) என்பது "காம்பியெஸ்" ஆகும். இதை மட்டும் முழுசாக ஒரு மணி நேரம் வாயால் சொல்ல வைத்தார்கள். போன வாரம் முதலாளி மறுபடியும் ஷிஃப்டை மாற்றியபோது, "எஸ்தோய் ஆர்த்தா தே கே மே காம்பியெஸ் எல் தூர்னோ", என் ஷிஃப்டை நீ மாற்றுவது வெறுத்துவிட்டது, என்றேன், தடுமாறாமல். பேனாவை வைத்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். திங்கட்கிழமை ஒட்டிய தாளில் என் பெயர் பழைய இடத்திலேயே இருந்தது.