'1917' படத்தைப் பதின்வயதுப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா?

வீட்டில் 14 வயதுப் பையன் நச்சரித்ததால், முதலில் நான் தனியாக உட்கார்ந்து பார்த்தேன். சாம் மெண்டிஸ் இயக்கி 2019-இல் வந்த படம். முதல் உலகப்போர், 1,600 பேர் எதிரியின் பொறியில் சிக்கப்போகிறார்கள், தாக்குதலை நிறுத்தச் சொல்லும் கடிதத்தை இரண்டு பிரிட்டிஷ் சிப்பாய்கள் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், அவ்வளவுதான் கதை. ஒரே ஷாட் மாதிரி எடுத்திருப்பதால் மூச்சுவிட இடமே கிடைக்காது.

அமெரிக்காவில் 'ஆர்' சான்றிதழ் (17 வயதுக்குக் கீழ் என்றால் பெரியவர் துணை வேண்டும்), பிரிட்டனில் 15 (அந்த வயதுக்குக் கீழ் அனுமதியில்லை). கெட்ட வார்த்தைகள் நிறைய உண்டு, அது எனக்குப் பெரிதாகப் படவில்லை. முள்கம்பியில் கிழிந்த கை, கொஞ்ச நேரத்திலேயே அழுகிய பிணத்துக்குள் போய் விழும் இடத்தில் எனக்கே வயிற்றைப் புரட்டியது. அதைவிடக் கனமானது இன்னொன்று: எரியும் விமானத்திலிருந்து சிப்பாய்கள் இருவரும் இழுத்துக் காப்பாற்றும் எதிரி விமானி, அவர்களிலேயே ஒருவனைக் குத்திவிடுகிறான், குத்துப்பட்டவனின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுப்பதை கேமரா விலகாமல் காட்டுகிறது. சாகப்போகிறேனா என்று கேட்கிறான், நண்பன் பொய் சொல்லவில்லை. நான் அழுதுவிட்டேன்.

சரி, காட்டலாமா? 15 தாண்டியவர்களுக்குத் தாராளமாக. 13, 14 என்றால் பிள்ளையின் மனசு தெரிந்து, பக்கத்தில் உட்கார்ந்து, பகலில் பாருங்கள், அப்புறம் பேசவும் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். ரத்தம் தாங்காத பிள்ளைக்கு, அதே பதற்றத்தை ரத்தம் அதிகம் காட்டாமல் தரும் 'டன்கர்க்' என்ற போர்ப்படம் போதும், அதற்கு அமெரிக்காவில் பிஜி-13தான் (13 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் கவனிக்கச் சொல்லும் சான்றிதழ்). என் பையனுக்கு ஞாயிற்றுக்கிழமை மதியம் '1917' போடப்போகிறேன், நானும் கூடவே இருப்பேன்.