மழைக்கு வீட்டில் இருக்கிற பிள்ளைக்கு என்ன படப்புத்தகம் வாங்கலாம்?

முதலில் நான் ஏமாந்த கதை. போன தீபாவளிக்கு இலங்கை மலையகத்தில், எங்கள் ஹட்டன் டவுனில் ஒரு கடையில் பளபளவென்று பத்துப் புத்தகக் கட்டு ஒன்று வாங்கினேன், பிளாஸ்டிக் உறையைப் பிரித்துப் பார்க்க விடவில்லை. வீட்டுக்கு வந்து பிரித்தால் ஒட்டகச்சிவிங்கிப் படத்துக்குக் கீழே 'ஒட்டகம்'. இரண்டாம் நாளே அட்டை தனியாக வந்துவிட்டது. பிரித்துப் பார்க்க விடாத புத்தகத்தை வாங்காதீர்கள், அவ்வளவுதான்.

அதற்கப்புறம் வீட்டுக்கு வந்ததில் மூன்று வயசு மகள் இன்றுவரை கையை விட்டு இறக்காதது எரிக் கார்லின் பசிக்காரக் கம்பளிப்பூச்சி. 1969இல் வந்த புத்தகம், ஆனால் இப்போதுதான் எழுத்தைப் பிடித்து விளையாடத் தொடங்கிய பிள்ளைக்கு அது புதுசுதானே. திங்கட்கிழமை ஒரு ஆப்பிள், செவ்வாய் இரண்டு பியர்ஸ், புதன் மூன்று பிளம்ஸ் என்று பூச்சி தின்றுகொண்டே போகும், தின்ற இடத்தில் தாளில் நிஜமாகவே ஓட்டை இருக்கும். மகள் சுண்டுவிரலை அந்த ஓட்டையில் விட்டு அந்தப் பக்கம் ஆட்டிக் காட்டுவாள், 'பூச்சி வருது பூச்சி வருது' என்று, பக்கம் புரட்ட விடமாட்டாள். வியாழன் ஸ்ட்ராபெரி வந்ததும் நுவரெலியா ரோட்டோரத்தில் தின்றதைச் சொல்லத் தொடங்கிவிடுவாள். கிழமையும் எண்ணும் தானாக வந்துவிட்டது. எங்களிடம் இருப்பது இங்கிலீஷ் புத்தகம், நான் தமிழில்தான் சொல்கிறேன், ஒரு குறையும் இல்லை. தடித்த அட்டைத்தாளில் வருகிற பதிப்பாகப் பார்த்து வாங்குங்கள். மெல்லிய தாளில் வருவதை வாங்கினால் பூச்சி போட்ட ஓட்டையோடு பிள்ளை போட்ட ஓட்டையும் சேர்ந்துவிடும்.

ஐந்து வயசு மகனுக்கு நம் இலங்கைப் புத்தகம். சிபில் வெத்தசிங்க எழுதி வரைந்த குடைத் திருடன் கதை. 2020இல் காலமானார், வயசு தொண்ணூறைத் தாண்டியும் வரைந்துகொண்டிருந்தவர். குடையே பார்த்திராத ஒரு கிராமத்தில் மழை வந்தால் ஆட்கள் வாழையிலையையும் சாக்கையும் தலையில் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். அந்தப் பக்கத்தைப் பார்த்ததும் மகன் 'அம்மாயி மாதிரி' என்றான். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகிற அம்மாயி தலையில் சாக்கை மடித்துப் போட்டுக்கொண்டு பெரட்டுக்கு, அதாவது காலையில் தோட்டத்தில் ஆட்களைக் கூட்டிப் பேர் எடுக்கிற இடத்துக்கு, கிளம்புவதை அவன் தினமும் பார்க்கிறானே. சென்னையிலிருந்து வருகிற எத்தனை அழகான புத்தகத்திலும் இந்த மழை இல்லை, அதனால்தான் இதற்கு முதலிடம் கொடுக்கிறேன். டவுனுக்குப் போன மாமா ஒருவர் குடை வாங்கி வருவார், காணாமல் போகும், மறுபடி வாங்குவார், மறுபடி போகும். திருடன் யார் என்று சொல்லமாட்டேன். எங்கள் கைக்குக் கிடைத்தது சிங்களப் பிரதி. எனக்கு எழுத்துக்கூட்டத்தான் வரும், இருந்தாலும் கதை முழுக்கப் படத்திலேயே இருப்பதால் தடுமாறவில்லை.

சென்னைப் புத்தகம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. தூலிகா பதிப்பகம் தமிழும் இங்கிலீஷும் ஒரே பக்கத்தில் வருகிற மாதிரி போடுகிறது, படங்கள் தரம். இந்திய விலையோடு நம் ரூபாயை ஒப்பிட்டுப் பார்த்தால்தான் கை பின்வாங்கும். பப்பாளி என்று இருந்தால் பப்பாசி என்று வாசித்துவிடுங்கள், பிள்ளைக்கு அதுதான் தெரியும்.

காசு இல்லாத மாதத்துக்கு ஸ்டோரிவீவர். இந்தியாவின் பிரதம் புக்ஸ் பதிப்பகம் 2015இல் தொடங்கிய இணையதளம், தமிழ்க் கதைகள் இலவசம், இறக்கிப் பிரின்ட் எடுக்கவும் தடை இல்லை. நான்கு நிலையாகப் பிரித்திருக்கிறார்கள், சின்னப் பிள்ளைக்கு முதல் நிலை போதும். எல்லாம் நன்றாக இருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். சில மொழிபெயர்ப்புகளை வாய்விட்டு வாசித்தால் நாக்கு சுளுக்கிக்கொள்ளும், அதனால் பிரின்ட் எடுக்கும் முன் ஒருதடவை சத்தமாக வாசித்துப் பாருங்கள். கலர் பிரின்ட் கட்டுப்படியாகாமல் யானைக் கதை ஒன்றைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தேன், மகன் யானைக்குப் பச்சை அடித்துவிட்டான். பக்கங்களை ஸ்டேப்ளர் பின் அடித்துச் சேர்க்காமல் ஊசி நூலால் தைத்துக் கொடுங்கள், மகள் எதையும் வாயில் வைக்கிறாள்.