கோவை விமானம்: பெயரைப் பார்த்து டிக்கெட் எடுப்பதா, நேரத்தைப் பார்த்தா?

நீலகிரியில் இருந்து விமானம் பிடிப்பவருக்குப் பயணம் கோவை பீளமேடு விமான நிலையத்தில் தொடங்குவதில்லை. மே சீசனில் வாகனங்கள் ஏறக் குன்னூர் வழி, இறங்கக் கோத்தகிரி வழி என்று மாற்றிவிடுவார்கள். ஐப்பசி மழையில் குன்னூர் மலைச்சாலையின் பர்லியாறு பக்கம் ஒரு மரம் சாய்ந்தாலே போதும், மேட்டுப்பாளையம் வரை வண்டிகள் நின்றுவிடும். இத்தனையும் கணக்கிட்டு முன்னதாகவே கிளம்பிப் போய்ச் சேர்ந்தால், அங்கே விமானம் இரண்டு மணி நேரம் தாமதம் என்கிறார்கள். வரும் கோபம் நியாயமானதுதான். ஆனால் 'இனி அந்த நிறுவனத்தில் ஏறுவதில்லை' என்ற முடிவு பெரும்பாலும் பயன் தருவதில்லை.

நிறுவனங்களுக்கு இடையே வேறுபாடே இல்லை என்று நான் சொல்லவில்லை. விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான டி.ஜி.சி.ஏ. மாதந்தோறும் வெளியிடும் பட்டியலில், குறித்த நேரத்தில் இருந்து 15 நிமிடத்துக்குள் இயங்கிய விமானம் 'நேரத்துக்கு இயங்கியது' என்று சேர்க்கப்படும். இதில் இண்டிகோ பல மாதங்கள் முதலிடத்தில் இருந்திருக்கிறது. ஸ்பைஸ்ஜெட் பல மாதங்கள் கடைசியில் இருந்திருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு பெருநகர விமான நிலையங்களில் எடுக்கப்படுவது. நிறுவனத்தின் பொதுவான போக்கு அதில் தெரியும். கோவையில் நாம் ஏறப்போகும் மாலை விமானம் எப்படி இயங்கும் என்பது தெரியாது.

தாமதத்துக்கான காரணங்களில் பெரும்பங்கு எதற்கு என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். மழையோ இயந்திரக் கோளாறோ அல்ல. முந்தைய பயணத்தின் தாமதம் அடுத்த பயணத்தைப் பிடித்துக்கொள்வதுதான். ஒரே விமானம் காலையில் மும்பை, பிறகு கோவை, பிறகு சென்னை, மறுபடி கோவை என்று நாள் முழுக்க ஓடுகிறது. மும்பையில் இரண்டு ஓடுபாதைகள் இருந்தும், அவை ஒன்றையொன்று வெட்டிச் செல்வதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்த முடியும். காலை நெரிசலில் அங்கே 25 நிமிடம் வீணானால், கோவையில் இறங்கியதும் அதை ஈடுகட்ட வழியில்லை. பயணிகளை இறக்கி, துடைத்து, எரிபொருள் நிரப்பி, புதிய பயணிகளை ஏற்ற அட்டவணை தருவதே அரை மணி நேரம்தான். மாலைக்குள் அந்த 25 நிமிடம் ஒரு மணி நேரத்தைத் தாண்டிவிடலாம்.

இங்கேதான் நிறுவனங்கள் வேறுபடுகின்றன. பெரிய நிறுவனத்திடம் மாற்று விமானம் இருக்கும். விமானங்கள் ஒரே ரகமாக இருந்தால் எந்த விமானியையும் எதிலும் ஏற்றலாம். சிறிய நிறுவனத்தில் ஒரு விமானம் பழுதுபார்ப்புக்குப் போனாலே அன்றைய அட்டவணை குலைந்துவிடும். உதிரிபாகம் வராவிட்டால் அந்த வாரமே குலையும். ஒரு விமானத்தில் வந்து இன்னொன்றுக்கு மாறும் இணைப்புப் பயணிகளை நம்பி இயங்கும் நிறுவனமோ, பிந்தி வருகிற விமானத்தின் பயணிகளுக்காக அடுத்ததைச் சற்று நிறுத்திவைக்கும். காத்திருந்து ஏறுபவருக்கு அது உதவி, ஏற்கெனவே உட்கார்ந்திருப்பவருக்குத் தாமதம்.

இறுக்கமாக ஓடும் பெரிய நிறுவனத்துக்கும் ஆபத்து உண்டு. விமானிகள் களைத்துப்போகாமல் இருக்கப் புதிய விதிகள் வந்தன. அவர்களின் வார ஓய்வு 36 மணி நேரத்தில் இருந்து 48 மணி நேரமாக உயர்ந்தது. ஒரு விமானி இரவில் தரையிறங்கக்கூடிய அதிகபட்ச எண்ணிக்கை 6-ல் இருந்து 2 ஆகக் குறைந்தது. இந்த விதிகள் 2025 நவம்பரில் முழுமையாக நடைமுறைக்கு வந்தன. டிசம்பர் தொடக்கத்தில் இண்டிகோவிடம் போதிய விமானிகள் இல்லை. 5-ஆம் தேதி மட்டும் ஆயிரத்துக்கும் மேற்பட்ட விமானங்கள் ரத்தாயின. அதே விதிகளின் கீழ் இயங்கிய மற்ற நிறுவனங்கள் அந்த அளவுக்குத் தடுமாறவில்லை. விமானிகள் களைத்துப்போகக் கூடாது என்ற விதியை நான் முழு மனதுடன் ஆதரிக்கிறேன். அதற்கு ஆள் சேர்க்க அவகாசம் இருந்தும் சேர்க்காததுதான் தவறு.

டெல்லி மூடுபனி இன்னொரு உதாரணம். விமானமும் விமானியும் அதற்கான தகுதி பெற்றிருந்தால்தான் மிகக் குறைந்த பார்வைத் தூரத்தில் இறங்க முடியும். தகுதி பெற்ற விமானிகளைப் பனிக்காலப் பணிக்கு அமர்த்தாததற்காக ஏர் இந்தியாவுக்கும் ஸ்பைஸ்ஜெட்டுக்கும் 2024 ஜனவரியில் டி.ஜி.சி.ஏ. தலா 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. பனி எல்லோருக்கும் ஒன்றுதான், தயாரிப்பு ஒன்றல்ல.

சரி, நமக்கு எது நல்லது? போகும்போது, இரவே கோவையில் வந்து நிற்கும் விமானத்தின் அதிகாலைப் பயணம்தான் என் தேர்வு. முந்தைய தாமதம் அதைத் தொடுவது குறைவு. ஊட்டியில் இருந்தால் நள்ளிரவு தாண்டிக் கிளம்ப வேண்டும், அல்லது முதல் நாளே மேட்டுப்பாளையத்தில் உறவினர் வீட்டில் தங்க வேண்டும். சிரமம்தான், ஆனாலும் மாலை விமானத்தைவிட இதுவே மேல். அடுத்ததாக, ஒரே நாளில் நாம் போகும் ஊருக்கு அதிக விமானங்கள் இயக்கும் நிறுவனத்தைப் பார்ப்பேன். ஒன்று ரத்தானாலும் மற்றொன்றில் இடம் கிடைக்க வாய்ப்பு அதிகம். கட்டணம் சில நூறு ரூபாய் குறைவு என்பதற்காக நாளுக்கு ஒன்றே இயக்கும் நிறுவனத்தை நம்பி நேர்முகத் தேர்வுக்கோ மருத்துவமனைக்கோ போக வேண்டாம்.

பெங்களூருக்குச் சாலையில் போய் அங்கே விமானம் ஏறுவதைச் சிலர் பரிந்துரைக்கிறார்கள். அங்கே விமானங்கள் அதிகம், இணையான இரண்டு ஓடுபாதைகளும் உண்டு. ஆனால் வழியில் உள்ள பந்திப்பூர் காட்டுச் சாலை இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை அடைபட்டிருக்கும். வெளிநாட்டுக்கு நேரடி விமானம் வேண்டுமானால் ஒழிய, அந்த வழியைக் கர்நாடக எல்லையோரம் இருக்கும் கூடலூர்க்காரருக்குக்கூட நான் சொல்லமாட்டேன்.

திரும்பும்போதுதான் நம்மவர்கள் கவனிப்பதில்லை. சென்னையில் வேலையை முடித்துவிட்டு இரவுக் கடைசி விமானத்தில் ஏறுவார்கள். அது பிந்தினால் கோவையில் அறை எடுப்பதா, நள்ளிரவில் கொண்டை ஊசி வளைவுகளில் வாடகைக் காரில் ஏறுவதா என்ற நிலை வரும். தாமதம் ஆறு மணி நேரத்தைத் தாண்டினால் மாற்று விமானமோ முழுப் பணமோ கேட்க விதி இருக்கிறது. இரண்டு மணி நேரத் தாமதத்துக்குச் சிற்றுண்டிதான் கிடைக்கும், கோவை காந்திபுரத்து அறை வாடகை கிடைக்காது. அதனால் திரும்புவதற்குப் பகல் விமானத்தையே எடுங்கள். கோவை – சென்னை, சென்னை – டெல்லி என்று தனித்தனி டிக்கெட் எடுப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: முதல் விமானம் பிந்தி இரண்டாவது தவறினால் இரண்டாவது நிறுவனம் பொறுப்பேற்காது. ஒரே டிக்கெட்டாக எடுத்தால் அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் வேலை அவர்களுடையது.