குமுளி: கீழ்த்தளக் குழாய்க்குள் கேமரா விட்டதாகச் சொன்னவரிடம் ஏமாந்தோம்

குமுளியில் ஒரு சரிவை ஒட்டிச் சென்ற ஆண்டு பழைய வீடு ஒன்றை வாங்கினோம். சாலையிலிருந்து பார்த்தால் ஒரே தளம்தான் தெரியும். பின்பக்கம் பத்துப் படி இறங்கினால் கீழே இன்னொரு தளம் இருக்கிறது. அதன் மூலையில், தரையோடு தரையாக, நான்கு அங்குலக் குழாயின் வாய் ஒன்று. மேலே துருப்பிடித்த சல்லடை. அது எங்கே போகிறது என்று வீட்டை விற்றவருக்கே தெரியவில்லை.

மார்ச் மாதம் ஒரு பிளம்பரை அழைத்தோம். மாடிக் குளியலறைத் தண்ணீரையும் துணி துவைக்கும் தண்ணீரையும் அதில் இணைக்கலாமா என்பதுதான் எங்கள் கேள்வி. அவர் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினார், சரசரவென்று இறங்கியது. "கேமரா விட்டும் பார்த்துவிடுகிறேன் அண்ணே" என்றார். நாங்கள் மேலே தேநீர் போட்டுக்கொண்டிருந்த நேரத்தில் வேலை முடிந்துவிட்டது. கைப்பேசியில் ஒரு வீடியோவைக் காட்டினார்: சாம்பல் நிற பிவிசி குழாய், உள்ளே பளபளவென்று சுத்தம். "நேராக ஓடையில் விழுகிறது, கவலையே வேண்டாம்." இணைப்பு வேலைக்கும் கேமராவுக்கும் சேர்த்து 14,500 ரூபாய். ரசீது கேட்டதற்குத் துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதிக் கொடுத்தார்.

இடவப்பாதி என்று இங்கே சொல்லும் தென்மேற்குப் பருவமழை தொடங்கிய பத்தாம் நாள், அந்தக் குழாயிலிருந்தே தண்ணீர் மேலே வந்தது. சோப்பு நுரையும் அழுகல் நாற்றமுமாகக் கணுக்கால் உயரத்துக்கு நின்றது. விலை ஏறட்டும் என்று வைத்திருந்த ஆறு மூட்டை மிளகின் அடிப்பகுதி ஊறிப் பூஞ்சணம் பிடித்தது. பிளம்பரை அழைத்தால் முதலில் "நாளை வருகிறேன்" என்றார். பிறகு எடுக்கவே இல்லை.

கூடலூரிலிருந்து வயதான கொத்தனார் ஒருவர் வந்தார். அவர் செய்த முதல் வேலை, டார்ச் அடித்துக் குழாய்க்குள் கையை விட்டதுதான். ஒரு முழம் வரைக்கும்தான் பிவிசி. அதற்கு அப்பால் பழைய, பழுப்பு நிறப் பளபளப்புள்ள சுட்டமண் குழாய். இணைப்பில் சிமெண்டு உதிர்ந்து, நூல் நூலாக வேர் தொங்கியது. எங்களுக்குக் காட்டிய வீடியோ வேறு யாரோ ஒருவரின் வீட்டுக் குழாய்! அதைப் பார்த்து, அந்த 14,500 ரூபாயில் கேமராவுக்கென்றே நான் நான்காயிரம் ரூபாய் கொடுத்திருக்கிறேன்.

அடுத்து, தண்ணீர் நிரப்பிய ட்யூப்பை வைத்து மட்டம் பார்த்தார். ஓடை எங்களிடமிருந்து சுமார் 25 மீட்டர். நான்கு அங்குலக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று சரிவு என்று வைத்தால் 60 சென்டிமீட்டருக்கு மேல் இறக்கம் வேண்டும். குழாய் வாய்க்கும் ஓடைக்கும் இருந்ததோ ஒரு சாண். "இது ஓடைக்குப் போகவே முடியாது" என்றார்.

மழை இரண்டு நாள் விட்டதும் சோதித்தோம். சமையலுக்குப் போடும் சிவப்புச் சாயத்தைக் கரைத்து ஊற்றினோம். ஓடைக்கரையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தும் ஒரு துளி நிறம் வரவில்லை. பிறகு மனைவி வாளி வாளியாக ஊற்ற, கொத்தனார் சுற்றியுள்ள தரையில் காதை வைத்துக் கேட்டுக்கொண்டே போனார். பக்கத்து வீட்டுச் சேச்சியின் துணி துவைக்கும் கல்லுக்கு அருகே சட்டென்று கையை உயர்த்தினார். அங்கிருந்த பலகைக்கல்லைப் புரட்டினால் உறிஞ்சு குழி. மேலே சிவப்பாகத் தண்ணீர். இரண்டு மனையும் ஒரு காலத்தில் ஒரே குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தது என்பதைச் சேச்சி அப்போதுதான் நினைவுபடுத்திச் சொன்னார். பாகம் பிரித்தபோது குழி அந்தப் பக்கம் போய்விட்டது. குழாய் இந்தப் பக்கம் நின்றுவிட்டது.

கோடையில் அந்தக் குழி எத்தனை வாளியையும் குடித்துவிடும். மழையில் மண் நிறைந்ததும் தண்ணீருக்குப் போக வழியில்லை. இருப்பதிலேயே தாழ்ந்த வாயான எங்கள் கீழ்த்தளத்துக்குத் திரும்பிவிட்டது.

மிளகு போனதைக்கூட மறந்துவிடுவேன். குழியிலிருந்து சேச்சியின் கிணற்றுக்கு டேப் வைத்து அளந்தோம்: 4.2 மீட்டர். கேரளக் கட்டட விதி 7.5 மீட்டர் இடைவெளி கேட்கிறது. மூன்று மாதமாக எங்கள் அழுக்குத் தண்ணீரை அந்தக் கிணற்றின் பக்கத்தில் இறக்கியிருக்கிறோம். சேச்சி எங்களை ஒரு வார்த்தை சொல்லவில்லை. வாளியை எடுத்துப் பேரனிடம் கொடுத்து, எதிர் வீட்டுக்கு அனுப்பினார். அந்தப் பையன் தளும்பத் தளும்பத் தண்ணீர் தூக்கி வந்ததைப் பார்த்து நான் கூசிப்போனேன்.

அன்றே இணைப்பை வெட்டிக் குழாய் வாயைக் கான்கிரீட் போட்டு அடைத்தோம். கிணற்றை இறைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டு, தண்ணீரைப் பரிசோதனைக்கு அனுப்பியது எங்கள் செலவு.

கேமரா விடுகிறேன் என்று யாராவது வந்தால், விட்டு எடுக்கும் வரை அருகிலேயே நில்லுங்கள். வீடியோ உங்கள் தரையிலிருந்து தொடங்க வேண்டும். தண்ணீர் இறங்குவதைக் காட்டினால், மறுமுனையில் சாயம் வெளியே வருவதையும் காட்டச் சொல்லுங்கள். அது வரும்வரை பணத்தைக் கொடுக்காதீர்கள். போன வாரம் அதே மனிதரின் வண்டி, கம்பம் சாலையில் கட்டுமானம் நடக்கும் ஒரு விடுதியின் முன்னால் நின்றிருந்தது. அதனால்தான் இதை இன்றே எழுதுகிறேன்.