மூன்றாம் நாள் இறங்கி வரும் ஒயின்: அமரோனே 2016, ஆறு பாட்டில் அனுபவம்

முந்தாநாள் இரவு ஒன்பது மணி வாக்கில் ஜூரிச் நண்பனிடமிருந்து ஒரு படம் வந்தது. காரில் வெனிஸ் போகிற வழியில், நான் இருக்கும் வட இத்தாலிப் பக்கத்து வெரோனாவுக்கு வெளியே ஏதோ ஒரு பெரிய கடையில் நின்றிருக்கிறான். அலமாரியில் வரிசையாக அமரோனே 2017, இந்தப் பக்கத்துக் கனமான சிவப்பு ஒயின். விலைச் சீட்டில் 44 யூரோவை அடித்துவிட்டு சிவப்பில் 29 என்று எழுதியிருந்தது. "நாலு எடுக்கவாடா? நீதான் வருஷக்கணக்கா குடிக்கிறியே" என்று கேட்டிருந்தான். "வேண்டாம்" என்று ஒற்றை வார்த்தையில் பதில் போட்டேன். மூன்று கேள்விக்குறி திரும்பி வந்தது.

அந்த நேரத்தில் என் முன்னால் இருந்ததும் அமரோனேதான். 2016. நான் வாங்கிய ஆறில் கடைசி பாட்டில். முதல் கிளாஸில் பாதியைக் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஆகவே அந்த "வேண்டாம்" பாதி அவனுக்கு, பாதி பாட்டிலுக்கு. அவனுக்கு நியாயமான ஒரு பதில் கடன்பட்டிருக்கிறேன் என்பதால் இதை எழுதுகிறேன்.

2020 இலையுதிர் காலத்தில் வெரோனாவில் ஒரு ஒயின் கடையில் ஆறு பாட்டில் கொண்ட மரப்பெட்டியாக வாங்கினேன். ஒன்று 38 யூரோ. வெரோனாவுக்கு வடக்கே வால்போலிச்செல்லா மலைப்பக்கத்தில் உள்ள ஒரு சின்னத் தயாரிப்பாளருடையது. பெயர் வேண்டாம், காரணம் பின்னால் வரும். கொர்வினா 70 சதவீதம், கொர்வினோனே 20, ரொண்டினெல்லா 10 என்பது பின் லேபிள் சொல்லும் திராட்சைக் கலவை. ஆல்கஹால் 16 சதவீதம். எங்கள் கட்டடத்தின் அடித்தளத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு சின்னக் கிடங்கு உண்டு. கோடையிலும் அங்கே குளிர்ச்சி குறையாது. பெட்டியை அங்கே படுக்க வைத்தேன். குளிர்காலத்துக்கு ஒன்று என்று கணக்கு.

முதல் பாட்டிலை 2020 டிசம்பரிலேயே திறந்தது என் தவறு. ஊரடங்கு நேரம், வேறு என்ன செய்வது. பீப்பாய் மரத்தின் வாசமும் சாராய நெடியும் முன்னால் நின்றன. பின்னால் எங்கேயோ உலர்ந்த செர்ரியும் பேரீச்சையும் இருந்தன, கூட்டத்தில் எட்டிப் பார்க்கிற குள்ளமான ஆள் மாதிரி. மனைவி இரண்டு மடக்கு குடித்துவிட்டு, "இலந்தவடையை ரம்மில் ஊறப்போட்டது போல இருக்கிறது" என்றாள். அவ்வளவு துல்லியமான விவரிப்பை அதற்கு அப்புறம் எந்தப் பத்திரிகையிலும் நான் படிக்கவில்லை. மீதி பாட்டில் குழம்பில் போயிற்று.

இலந்தவடை என்று அவள் சொன்னதில் ஒரு நியாயமும் இருக்கிறது. இரண்டும் வற்றல் சமாச்சாரம்தானே. அமரோனேவுக்கு, வால்போலிச்செல்லாவில் பந்தலில் காய்த்த திராட்சையைப் பறித்தவுடன் பிழிவதில்லை. காற்றோட்டமான மாடிக்கூடங்களில் மூன்று, நான்கு மாதம் காயப்போடுகிறார்கள். 100 கிலோ போட்டால் 60, 70 கிலோதான் மிஞ்சும். தண்ணீர் போய் சர்க்கரையும் துவர்ப்பும் சுண்டி நிற்கும். டிசம்பர் 1க்கு முன்னால் பிழியக் கூடாது என்பது பொது விதி. குளிர்காலத்து நடுவில் அந்த வற்றலைப் பிழிந்தால் நொதித்தல் மெதுவாக, சர்க்கரை பெரும்பாலும் தீரும் வரை போகும். தீராமல் நிறுத்தினால் அது ரெச்சோத்தோ, இனிப்பு ஒயின். அதுதான் மூத்தது. ரெச்சோத்தோ பீப்பாய் ஒன்றைக் கவனிக்காமல் விட்டு, அது கடைசி வரை நொதித்துக் கசந்துபோனதில் பிறந்தது அமரோனே என்று இங்கே எல்லோரும் ஒரு கதை சொல்வார்கள். கதை எப்படியோ, பெயர் உண்மை: அமாரோ என்றால் கசப்பு, ஓனே ஒட்டினால் பெரியது. பெருங்கசப்பு.

சரி, ஆண்டு விஷயத்துக்கு வருகிறேன், நண்பன் கேட்டது அதைத்தானே. இந்தப் பக்கத்தில் 2014 என்றால் முகம் சுளிப்பார்கள். கோடை முழுக்க மழை. அந்த வருடம் அமரோனே வேண்டாம் என்று விட்டுவிட்டவர்களும் உண்டு. 2015 வெயில் வருடம், கொழுத்த ஒயின். 2016ல் வெயிலும் இருந்தது, அறுவடை நெருங்கும்போது இரவுக் குளிரும் இருந்தது. பழம் பழுத்தது, புளிப்பும் போகவில்லை. கடைக்காரர் என்னிடம் 2016ஐத் தள்ளியதற்கு அதுதான் காரணம், அதில் அவர் பொய் சொல்லவில்லை. 2017ல் ஏப்ரலில் உறைபனி அடித்தது, அப்புறம் வறட்சி. இத்தாலி முழுக்கவே அந்த வருடம் விளைச்சல் குறைவு.

ஆனால் இந்த ஒயினில் ஆண்டு என்பதே கொஞ்சம் ஏமாற்று வேலை. லேபிளில் இருப்பது பறித்த வருடம். 2016 என்று போட்டிருக்கும் ஒயினில் கணிசமானது நொதிக்கத் தொடங்கியது 2017 ஜனவரியில்தான் இருக்கும். இடையில் மாடியில் கிடந்த மூன்று மாதம் ஈரமாக இருந்ததா, காற்று ஓடியதா, எந்தக் குலையில் பூஞ்சை பிடித்தது என்பதை லேபிள் சொல்லாது. தோட்டத்தில் ஒரு பருவம், மாடியில் ஒரு பருவம். இன்றைக்கு மாடியில் மின்விசிறியும் ஈரம் உறிஞ்சும் இயந்திரமும் வந்துவிட்டதால் இரண்டாவது பருவத்தின் அடாவடி குறைந்திருக்கிறது. போதாததற்கு ஐரோப்பிய விதிப்படி லேபிளில் உள்ள வருடத்துத் திராட்சை 85 சதவீதம் இருந்தாலே போதும். ஆண்டை வைத்துச் சத்தியம் செய்கிறவர்களைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். 2016 என்று பெட்டியோடு வாங்கியவன் இதைச் சொல்வதுதான் வேடிக்கை.

இரண்டாவது பாட்டில், 2021 நவம்பர். திறந்ததும் மழையில் நனைந்த அட்டைப்பெட்டி வாசம். ஈரச் சாக்கு. தக்கை கெட்டுப்போன பாட்டில். தக்கையில் டிசிஏ என்கிற வேதிப்பொருள் துளியிலும் துளி இருந்தாலே போதும், பழ வாசம் முழுவதையும் அமுக்கிவிடும். குடித்தால் உடம்புக்கு ஒன்றும் செய்யாது, மனசுக்குத்தான். பாட்டிலைத் தக்கையோடு கடைக்குக் கொண்டுபோனேன். வாங்கி ஒரு வருடம் ஆகிவிட்டது என்றார்கள். பத்து வருடம் வைக்கலாம் என்று சொல்லி விற்றவர்களே நீங்கள்தானே என்றேன். தோள் குலுக்கல். தயாரிப்பாளருக்கு எழுதிய மின்னஞ்சலுக்கும் பதில் இல்லை. பெயர் சொல்லாததற்கு இதுதான் காரணம்: ஆறில் ஒரு தக்கை கெட்டதற்கு ஒரு குடும்பத்தின் பெயரை இழுத்துப்போடுவது சரியில்லை. 38 யூரோ போனது இன்னும் வலிக்கிறது என்பதையும் மறைக்கப் போவதில்லை.

மூன்றாவது பாட்டிலில்தான் எல்லாம் மாறியது. 2023 ஜனவரி. கீழ்வீட்டுப் பெரியவரை அழைத்திருந்தேன். வால்போலிச்செல்லாவின் மாரானோ பள்ளத்தாக்கில் பிறந்தவர். அவர் அப்பா மாட்டுக் கொட்டகைக்கு மேலே மூங்கில் தட்டிகளில் திராட்சை காயப்போடுவாராம். அதே தட்டிகளில் கோடைத் தொடக்கத்தில் பட்டுப்புழு வளரும். புழு கூடு கட்டி முடித்ததும் தட்டியைக் கழுவி வைத்தால் இலையுதிர் காலத்தில் திராட்சைக்கு ஆகும். இரவில் அம்மா விளக்கோடு மேலே போய் அழுகிய பழத்தைப் பொறுக்குவாளாம். இதைச் சொல்லிக்கொண்டே அரை கிளாஸ் குடித்தார். நான் இரண்டாவது ஊற்றப் போனேன். உள்ளங்கையால் கிளாஸை மூடிக்கொண்டார். "இது இன்னும் மாடியிலேயே இருக்கிறது. நாளை மறுநாள் இறங்கும். மூடி வை" என்றார்.

மரியாதைக்காக மூடி வைத்தேன். அப்படியே மறந்தும் போனேன். மூன்றாம் நாள் இரவு பாத்திரம் கழுவிவிட்டு, கொட்டிவிடலாமா என்று ஒரு வாய் குடித்துப் பார்த்தேன்.

சாராய நெடி இல்லை. மரம் இல்லை. அந்தக் குள்ளமான ஆள் கூட்டத்தைத் தாண்டி முன்னால் வந்து நின்றிருந்தார். செர்ரி வற்றல், அத்திப்பழம், லேசாகப் புகையிலை, கடைசியில் இனிப்பில்லாத கொக்கோவைப் போல ஒரு கசப்பு. கசப்பு நாக்கில் தங்கியது, ஆனால் வாயை இழுக்கவில்லை. சமையலறையில் நின்றபடியே, ஈரக் கையோடு குடித்து முடித்தேன். இத்தாலி வந்ததிலிருந்து நான் குடித்த சிறந்த கிளாஸ் அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன்.

சாதாரண ஒயின் மூன்று நாள் திறந்திருந்தால் காடி வாசம் பிடிக்கும். இதற்கு ஆல்கஹாலும் சாறின் அடர்த்தியும் அதிகம், காற்றைத் தாங்கும். அப்படியானால் டிகேன்டரில், அதாவது ஒயினைக் காற்றாட வைக்கும் கண்ணாடிக் குடுவையில், ஊற்றி நாலு மணி நேரம் வைத்தால் போதாதா என்று கேட்கலாம். நான்காவது பாட்டிலில் செய்து பார்த்தேன். மரம் கொஞ்சம் அடங்கியது, நெடி அடங்கவில்லை. பாட்டிலிலேயே, பாதி காலியாக, மூடி, குளிர்ந்த இடத்தில், இரண்டு இரவு. இதற்குக் குறுக்கு வழி எனக்கு அகப்படவில்லை.

நான்காவது பாட்டிலில் இன்னொரு முட்டாள்தனமும் செய்தேன். மட்டன் சுக்காவோடு ஊற்றினேன். கனமான ஒயின், கனமான கறி, சேரும் என்று நினைப்பு. மிளகாயும் 16 சதவீத ஆல்கஹாலும் சேர்ந்தால் நாக்கில் தீதான். வந்திருந்த விருந்தாளிகள் மரியாதையாகத் தண்ணீர் கேட்டார்கள். இங்கே இதை ஊற்றியே ரிசோட்டோ என்கிற குழைந்த சோறு செய்வார்கள். குதிரைக்கறியை மணிக்கணக்கில் வேகவைத்து, பொலென்டா என்கிற மக்காச்சோளக் களியோடு சாப்பிடுவதும் உண்டு. எனக்கு அதிலெல்லாம் நாட்டம் இல்லை. நாள்பட்ட மொந்தே வெரோனேசே சீஸ் ஒரு துண்டு போதும். சாப்பாட்டுக்கு அப்புறம், தனியாக.

இப்போது என் எரிச்சலுக்கு வருகிறேன். ஐந்து வருடமாக மாறாத எரிச்சல். 750 மில்லியில் 16 சதவீதம் என்றால் 120 மில்லி சுத்த ஆல்கஹால். 12 சதவீத ஒயினில் 90தான். இரண்டு பேர் உட்கார்ந்து ஒரு பாட்டிலை முடித்தால் மறுநாள் வேலைக்கு லீவு போட வேண்டியதுதான். எங்கள் வீட்டில் ஆளுக்கு ஒரு கிளாஸ், அதுவும் சின்னது. ஆகவே பாட்டில் எப்படியும் மூன்று நாள் நிற்கும். நிற்பதுதான் நல்லது என்று இப்போது தெரிகிறது. ஆனால் முதல் இரவு? விருந்தாளி வருகிறார், பிறந்தநாள் வருகிறது, திறக்கிறோம், எல்லோரும் "ஆகா" என்று பொய் சொல்கிறார்கள், போகிறார்கள். நல்ல கிளாஸ் செவ்வாய்க்கிழமை இரவு பாத்திரம் கழுவுகிறவனுக்குக் கிடைக்கிறது. கொண்டாட்டத்துக்கென்று விற்கப்படுகிற ஒயின், கொண்டாட்டம் முடிந்துதான் குடிக்கத் தகுதியாகிறது என்றால் அதை என்னவென்று சொல்வது? இதில் பாட்டிலின் கனம் வேறு. காலி பாட்டிலைச் சமையலறைத் தராசில் வைத்தேன், ஏறக்குறைய ஒரு கிலோ. உள்ளே இருப்பதைவிடக் கண்ணாடி கூடுதல். குடித்த காசில் எவ்வளவு கண்ணாடிக்குப் போயிற்றோ.

ஐந்தாவது பாட்டிலைத் திட்டமிட்டு 2024 கிறிஸ்துமஸுக்கு இரண்டு நாள் முன்னாலேயே திறந்து, ஒரு வாய் குடித்து, மூடி, கிடங்கில் வைத்துவிட்டேன். அன்றைய விருந்தில் முதல் முறையாக யாரும் பொய் சொல்லவில்லை. பெரியவர் இரண்டாவது கிளாஸ் வாங்கிக்கொண்டார்.

அப்படியிருக்க முந்தாநாள் ஏன் மறுபடி முதல் இரவே முகம் சுளித்தேன்? பொறுமையில்லை, வேறென்ன. கடைசி பாட்டில், ஒன்பது வயது ஆன ஒயின், இந்த முறையாவது திறந்தவுடன் பேசும் என்று ஓர் ஆசை. பேசவில்லை.

ஆகவே நண்பா, நியாயமாகச் சொன்னால்: 2016 நன்றாகத்தான் இருக்கிறது, இன்னும் சில வருடம் தாங்கும். நீ பார்த்த 2017 மட்டமான ஒயின் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அது கடை விளக்கின் கீழ், நெட்டுக்கு நின்றபடி, எத்தனை கோடையைப் பார்த்திருக்கிறது என்று யோசி. விலை குறைந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். நீ பாட்டிலைத் திறந்தால் காலி ஆகும் வரை எழுந்திருக்காத ஆள் என்பதும் எனக்குத் தெரியும். உனக்கு ரிப்பாசோ போதும். அமரோனே பிழிந்த சக்கையில் சாதா வால்போலிச்செல்லா ஒயினை ஊற்றி இன்னொரு முறை நொதிக்க வைப்பது, பாதி விலைக்குக் கிடைக்கும், அன்றைக்கே குடிக்கலாம். நானும் இனிமேல் அமரோனே வாங்கப் போவதில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே அவனிடமிருந்து செய்தி வந்தது. சொன்னதைக் கேட்காமல் இரண்டு எடுத்துவிட்டானாம். சனிக்கிழமை திரும்பும் வழியில் இங்கே தங்குகிறானாம்.

கிடங்கிலிருந்து மீதிப் பாட்டிலை எடுத்து வந்து ஒரு கிளாஸ் ஊற்றினேன். இன்றைக்கு மூன்றாம் நாள். அவனுக்குப் பதில் போட்டேன்: "ஒன்றை இப்போதே திற. அரை கிளாஸுக்கு மேல் தொடாதே. மூடி எடுத்துக்கொண்டு வா."